பாடி விலையை மட்டும் பார்த்துக் கேமரா மாற்றப் போகிறவர்களுக்கு

கேமரா மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது பாடி விலையைத்தான், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின் விலையை. நானும் அதைத்தான் விசாரித்தேன். பாடி 9,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒரு சுற்று முடிந்து ரசீதுகளையெல்லாம் மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தபோது 21,470 வெள்ளி வந்தது. நான் பினாங்கு பட்டர்வொர்த்காரி. வார நாள்களில் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கல்யாணம், பரிசம், சடங்கு, கோயில் திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முகூர்த்தமும் டின்னரும் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 2,800 வெள்ளி வாங்குகிறேன். ஆக, ஏழெட்டுக் கல்யாணத்து உழைப்பு இதில் போய்விட்டது. யூடியூப்பில் கேமராவைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பிறை ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, அட்சதை முதுகில் விழ விழ நின்று எடுத்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் பழைய கேமரா, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், 24 மெகாபிக்சல். அதன் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. அதைத் தாண்டியும் உழைத்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்தில் தாலி ஏறி முடிந்து, மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்த நேரத்தில், அந்தக் கண்ணாடி மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. திரையில் எரர். பையில் இருந்த இன்னொரு பழைய பாடியை எடுத்து மீதியை ஒப்பேற்றினேன். ரிப்பேருக்கு 900 வெள்ளி கேட்டார்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்போம்: 900 போட்டுப் பழசைச் சரி பண்ணுவதா, கூடப் போட்டு அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வாங்கிவிடுவதா? வீட்டுக்காரர், "வாங்கறதுன்னா நல்லதாவே வாங்கிடு, பாதியில நிக்காதே" என்றார். அவருக்கென்ன, கேமராவைத் தொட்டதே கிடையாது.

கடைக்குப் போகும் முன்னே ஒரு தாளில் எனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டு போனேன். இருட்டில் ஃபோக்கஸ் தவறக் கூடாது. இரண்டு கார்டு போட இடம் வேண்டும். மணிக்கட்டு வலிக்காத எடை வேண்டும். மந்திரம் சொல்லும்போது டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. மெகாபிக்சல் அந்தத் தாளிலேயே இல்லை. ஜார்ஜ் டவுன் கடையில் இருந்த தம்பி தாளைப் பார்க்கவே இல்லை. "அக்கா, 24 எல்லாம் இப்ப போன்லயே வந்திருச்சு. கஸ்டமர் கேப்பாங்க லா. 45 எடுத்துக்குங்க, பத்து வருசத்துக்குக் கவலையே இல்ல" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மலேசிய வாரண்டி செட் வேண்டாம், மலேசிய ஏஜெண்டு வழியாக வராமல் வெளியிலிருந்து இறக்கிய ஏபி செட் எடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம், "கடை வாரண்டி நாங்க குடுக்கறோம்." பழைய லென்ஸ்களை மாட்ட அடாப்டர் 450. சாமானைக் கையில் எடுத்துப் பார்த்ததும் அதன் கனமும் பிடியும் பிடித்துப் போனது உண்மை.

மெகாபிக்சல் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் இடறும் இடம் அதுதான். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 புள்ளி நீளம், 4000 புள்ளி உயரம். நாம் கொடுக்கும் கல்யாண ஆல்பத்தில் பெரிய பக்கம் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கறாராக அச்சடித்தாலும் 5400க்கு 3600 போதும். அதாவது 24 மெகாபிக்சலிலேயே மிச்சம் இருக்கிறது. 45 என்றதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மனசு துள்ளும். ஆனால் நீளத்தில் கூடுவது 37 சதவீதம்தான். பரப்பளவில்தான் அந்த இரண்டு மடங்கு. மலை உச்சியில் நின்று ஊரையே எடுத்துச் சுவரளவுக்கு அச்சடிப்பவர்களுக்கும், பறவையை எடுத்து வெட்டி வெட்டிப் பெரிதாக்குபவர்களுக்கும் அது தேவை. என் கஸ்டமர்கள் பாதிப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். அது சுருக்கித்தான் காட்டும். மெகாபிக்சல் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து தெரியும் என்பது இன்னொன்று. முன்பெல்லாம் கோயில் வெளிச்சத்தில் அறுபதில் ஒரு வினாடி வைத்து எடுத்துவிடுவேன். புதியதில் அதே வேகத்தில் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமை கரைந்து நிற்கும். ஆல்ப அளவில் பார்த்தால் அது தெரியவே தெரியாது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எடிட் செய்கிறவள் நான்தானே, நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்து வயிறெரிந்தேன்.

வாங்கிய பிறகு காசு ஒழுகத் தொடங்கியது. புதிய பாடியில் இரண்டு கார்டு துளை உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி. ஒன்று பழைய எஸ்டி, மற்றது சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி. அந்தக் கார்டு 128 ஜிபி ஒன்று 700 வெள்ளி, இரண்டு வாங்கினேன். அதைக் கணினியில் போட ரீடர் தனி, 230. ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும்படி வைத்தால் மெதுவான எஸ்டி கார்டின் வேகத்துக்குத்தான் கேமரா நடக்கும் என்பதை மாலை மாற்றும்போது கண்டேன். தொடர்ந்து அடித்ததில் கேமரா மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மூன்றாவது முறை மாலை மாற்றியது என் தம்பி எடுத்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. வாங்குவதற்கு முன் கடையில் உங்களிடம் இருக்கிற கார்டையே போட்டு, இரண்டு கார்டிலும் பதிய வைத்து, ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல் வகை) விடாமல் அழுத்திப் பாருங்கள். எத்தனையாவது படத்தில் தடுமாறுகிறது என்று காதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஃபைல். முகூர்த்தமும் டின்னருமாக ஒரு கல்யாணத்தில் சுமார் 3,000 படம் எடுக்கிறேன். பழைய கேமராவில் ஒரு ரா ஃபைல் 28 எம்பி வரும், மொத்தம் 84 ஜிபி. புதியதில் ஒன்று 50 எம்பி, மொத்தம் 150 ஜிபி. இரண்டு காப்பி வைப்பேன் என்பதால் அதையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டு, 960 வெள்ளி. ஒரே தடவையாகக் காசு கட்டி வாங்கியிருந்த என் பழைய எடிட்டிங் மென்பொருளுக்கு இந்தக் கேமராவின் ரா ஃபைல் என்னவென்றே தெரியவில்லை, திறக்க மறுத்தது. அடோபி கொடுக்கும் இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் டிஎன்ஜி என்ற பொது ரா வடிவமாக மாற்றிக்கொண்டால் பழையதிலும் திறக்கும். ஆனால் 3,000 படத்தையும் அப்படி மாற்ற என் எட்டு ஜிபி ரேம் லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியது. கடைசியில் 5,900 கொடுத்து லேப்டாப் வாங்கினேன். ஆறு வாரத்தில் தருகிறேன் என்று சொன்ன ஆல்பம் மூன்று மாதம் ஆனது. பெண்ணின் அம்மா போன் போட்டு, "என்னாம்மா, மகளுக்கு வளைகாப்பே வந்திரும் போல, கல்யாண ஆல்பம் இன்னும் வரல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் மூலம் வர வேண்டிய தங்கச்சி மகள் கல்யாணம் எனக்கு வரவில்லை. உங்கள் கேமராவில் ராவைச் சுருக்கிப் பதியும் வசதி இருந்தால் முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். கெனானில் அதற்கு சி-ரா என்று பெயர், மற்ற கம்பெனிகளிலும் வேறு பெயர்களில் இருக்கிறது. முழு ராவுக்கும் அதற்கும் கல்யாண ஆல்பத்தில் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

லென்ஸ் விஷயத்தில் நான் பிழைத்துக்கொண்டேன், ஆனால் எல்லாரும் பிழைக்க மாட்டார்கள். கெனான் 1987இல் ஈஎஃப் லென்ஸ்களைக் கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அதனால் அவை அடாப்டரிலும் தானாக ஃபோக்கஸ் ஆகும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அவற்றைச் சுழற்றும். டிஎஸ்எல்ஆர் லென்ஸை நிக்கான் மிரர்லெஸில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். நம் ஆள்களிடம் 80-200, 85 என்று அந்த ஏஎஃப்-டி லென்ஸ்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அடாப்டர் மாட்ட முடிகிறது என்பது வேறு, வேலை செய்வது வேறு. லென்ஸைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

சத்தமில்லாத ஷட்டர் எனக்குப் பெரிய ஆசை. ஐயர் மந்திரம் சொல்லும்போது நான் இருப்பதே தெரியக் கூடாது என்று நினைப்பேன். காலையில் கோயிலில் அது அருமையாக இருந்தது. சாயங்காலம் ஹாலில் டின்னர். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, மேலே ஊதா விளக்கு, டிஜே. அதே செட்டிங்கில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணப்பெண்ணின் முகத்தில் நெற்றிக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. கேக் வெட்டியது முழுக்க அப்படி. காரணம் எளிது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும்; எல்இடி திரைகள் இன்னும் வேகமாக. சத்தமில்லாத ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் விளக்கு பல தடவை மங்கி எரிந்துவிடும். மங்கிய நேரத்தில் படித்த வரிகள்தான் அந்தப் பட்டை. நிறைய மெகாபிக்சல் உள்ள சாதாரண சென்சார் படிக்க இன்னும் அதிக நேரம் எடுக்கும் என்பதால் பட்டையும் அதிகம். சோனி ஏ9 (2017), நிக்கான் இசட்9 (2021) போன்றவற்றில் இருக்கும் ஸ்டேக்டு சென்சார்கள் வேகமாகப் படிக்கும். 2023இல் அறிவித்த சோனி ஏ9 III மொத்தச் சென்சாரையும் வரி வரியாக இல்லாமல் ஒரே கணத்தில் படித்துவிடும். அந்த விலை நமக்குக் கட்டுமா என்பது வேறு கதை. நமக்குள்ள வழி, ஹாலுக்குள் நுழைந்ததும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுவது, வேகத்தை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்றில் வைப்பது, முதல் பத்துப் படத்தை நின்று பெரிதாக்கிப் பார்ப்பது. ஒரு பட்டனில் இந்த மாற்றத்தை வைத்துக்கொண்டால் கையே போய்ச் செய்துவிடும். அந்தப் பெண்ணின் படங்களைச் சரி செய்ய எனக்குப் பல இரவுகள் ஆயின. சிலவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் கொடுக்க முடிந்தது.

பிறகு தைப்பூசம். பினாங்கில் தைப்பூசம் எடுத்தவர்களுக்குத் தெரியும், ரதம் வருவதற்கு முன்னால் ரோட்டில் தேங்காய் உடைக்கும்போது நிற்கிற இடம் என்ன பாடுபடும் என்று. மலை மலையாகக் குவித்து வைத்து உடைப்பார்கள். ஓட்டுத் துண்டு காலில் தெறிக்கும், இளநீர் முகத்திலும் கேமராவிலும் அடிக்கும். காய்ந்தால் ஜூம் வளையம் சர்க்கரைப் பாகு பட்டது மாதிரி பிசுபிசுக்கும். பாடிக்கு மழைக்காப்பு இருந்தாலும் அடாப்டரும் பழைய லென்ஸும் சேரும் இடத்தில் ரப்பர் இல்லையென்றால் அந்தக் காப்புக்கு அர்த்தமில்லை. நான் ஈரத் துணி ஒன்றும் காய்ந்த துணி ஒன்றும் இடுப்பில் கட்டிக்கொண்டு போவேன், அது மட்டும் அன்று காப்பாற்றியது. தண்ணிமலை முருகன் கோயில் அடிவாரத்தில் லென்ஸ் மாற்றினேன். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் கண்ணாடி, அதன் பின்னால் ஷட்டர் திரை, அதற்கும் பின்னால்தான் சென்சார். நான் வாங்கிய மிரர்லெஸில் கழற்றிய உடனே சென்சார் வெட்டவெளியில் இருக்கிறது. சுற்றிலும் விபூதி பறக்கிறது, சாம்பிராணி, கற்பூரப் புகை. அன்று 513 படியும் ஏறி மேலே எடுத்த படங்களில் வானம் வரும் இடமெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள். கெனான் ஈஓஎஸ் ஆர் (2018) போன்றவற்றில் ஆஃப் செய்ததும் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும், நிக்கான் இசட்9இலும் ஒரு மூடி உண்டு. திருவிழா எடுப்பவர்கள் கடையில் இதைக் கேட்க வேண்டும். எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் இரண்டு பாடியில் இரண்டு லென்ஸ் மாட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்துக்குள் கழற்றாதீர்கள்.

பேட்டரியும் அன்றுதான் புத்தி சொன்னது. சிபா என்ற ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கம் வகுத்த முறைப்படி கம்பெனிகள் அளந்து, ஒரு சார்ஜுக்கு இத்தனை படம் என்று போடும் எண்ணிக்கையைப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி750க்கு 1,230 படம். மிரர்லெஸில் நல்ல பேர் எடுத்த சோனி ஏ7 IIIக்கு 710. நிறைய மிரர்லெஸ்கள் இதற்கும் கீழே. காவடி ஆட்டத்துக்குக் காத்திருக்கும்போது படம் எடுக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் சின்னத் திரை பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். உபரி பேட்டரி இரண்டு, 680 வெள்ளி.

குறையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோக்கஸ் உண்மையிலேயே என் வேலையை மாற்றிவிட்டது. தாலி கட்டும்போது ஆளாளுக்கு போனைத் தூக்கி மறைப்பார்கள். இரண்டு முழங்கைகளுக்கு நடுவே தெரியும் பெண்ணின் கண்ணை அது விடாமல் பிடித்தது. பழைய கேமராவில் அந்த இடத்தில் பாதிப் படம் முழங்கையில்தான் ஃபோக்கஸ் ஆகியிருக்கும். தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் ஒரு பெரிய காவடி வந்தபோது மட்டும் காவடியில் இருந்த முருகன் படத்தின் கண்ணைப் பிடித்துக்கொண்டு, தூக்கி வந்தவரை விட்டுவிட்டது. முருகா என்று சிரித்துவிட்டு ஒற்றைப் புள்ளி ஃபோக்கஸுக்கு மாறினேன். உள்திரையில் படம் எப்படி வரும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரிவதும் பெரிய வரம். நம் நிறத்துக்கு முகம் கறுத்துப் போகாமலும் பட்டுச் சேலையின் ஜரிகை வெளுத்துப் போகாமலும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதை ஊகிக்காமல் கண்ணால் பார்த்தே வைக்க முடிகிறது. ஆனால் இந்த இரண்டும் 24 மெகாபிக்சல் பாடிகளிலும் இருக்கின்றன. அதுதான் வயிற்றெரிச்சல்.

தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் முன் டயல் தானாக ஓட ஆரம்பித்தது. கை வைக்காமலே அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது மலேசியாவுக்கு வந்த செட் இல்லை, வாரண்டியில் செய்ய முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கடைக்குப் போனேன். கடை வாரண்டி என்றால் ஹாங்காங் அனுப்பிச் செய்வது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, தண்ணீர் பட்டிருந்தால் அதுவும் கிடையாது. "அக்கா, ஏபி செட்டுன்னு சொல்லித்தானே குடுத்தோம்" என்றார் அதே தம்பி. சொன்னார்தான், இதையெல்லாம் சேர்த்துச் சொல்லவில்லை. கையில் கல்யாண புக்கிங் இருந்தது. கோலாலம்பூரில் தனியாக ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்து 1,150 வெள்ளிக்குச் சரி செய்தேன், அதுவரை வாடகை பாடிக்கு 900. ஏபி செட் வாங்குவது குற்றம் ஒன்றும் இல்லை, பலர் வாங்கிப் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறார்கள். ஆனால் வாரண்டி எங்கே செல்லும், யார் செய்வார்கள், எத்தனை வாரம், அதுவரை மாற்று பாடி தருவார்களா என்ற நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த ஆயிரம் வெள்ளி மிச்சம் உங்களுடையது இல்லை.

கடைசியில் அந்த 45ஐ 7,600க்கு விற்றேன். 6,300க்கு, மலேசிய வாரண்டி இன்னும் மிச்சம் இருந்த 24 மெகாபிக்சல் பாடி ஒன்றை, இரண்டு கார்டு துளையும் எஸ்டியாகவே இருப்பதாகப் பார்த்து, ஒருவர் கை மாறியதாக வாங்கினேன். லேப்டாப் மட்டும் தண்டமில்லை, இன்னும் உழைக்கிறது. அந்த 700 வெள்ளிக் கார்டுகளை வாங்க ஆள் கிடைக்காமல் மேசை டிராயரில் கிடக்கின்றன.

இரண்டாவது பாடியை வாங்குவதற்கு முன் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு பரிசமும் ஒரு டின்னரும் எடுத்துப் பார்த்தேன். நாளுக்கு 150, 200 வெள்ளிதான் கேட்கிறார்கள். எடுத்ததோடு நிறுத்தாமல் அந்த ஃபைலை உங்கள் கணினியில் போட்டு, நீங்கள் எடிட் செய்வது போலவே கடைசி வரை செய்து, ஒரு பக்கம் அச்சடித்தும் பாருங்கள். ஹாலில் பட்டை விழுகிறதா, பேட்டரி டின்னர் முடியும் வரை நிற்கிறதா, மணிக்கட்டு மறுநாள் என்ன சொல்கிறது, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தைப்பூசத்துக்கு வாடகை பாடி வேண்டுமென்றால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து வருபவர்களும் இங்கேயே எடுத்துவிடுவார்கள், கடைசி வாரத்தில் கேட்டால் சார்ஜர் இல்லாத ஒன்றைத்தான் நீட்டுவார்கள்.